கொழுப்பு மாத்திரை போடறீங்களா?

கள்ளக்குறிச்சி, சின்னசேலம், சங்கராபுரம், கச்சிராயபாளையம், வெள்ளிமலை வட்டாரத்தில் மருந்துக்கடை நடத்துகிறவர்களுக்கும், அந்தக் கடைகளில் நின்று மாத்திரை எடுத்துக் கொடுப்பவர்களுக்கும், மருந்துப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வீடு வீடாகப் போகிற ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத் தன்னார்வலர்களுக்கும்,



நான் உங்கள் பக்கத்துக்காரன். பள்ளியில் வேதியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். உங்களில் சிலர் என் வகுப்பில் உட்கார்ந்தவர்கள். டி.பார்ம், பி.பார்ம் முடித்து இன்று சொந்தக் கடை வைத்திருக்கிறீர்கள். அந்த உரிமையில் கொஞ்சம் கடுமையாகவும் எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மருத்துவர்களை விட்டுவிட்டு உங்களுக்கு எழுதக் காரணம் இருக்கிறது. நம் ஊர் நோயாளி சர்க்கரைக்கு ஒரு டாக்டரிடம் போகிறார். நெஞ்சுவலி வந்தபோது சேலத்திலோ புதுச்சேரி ஜிப்மரிலோ பார்த்துக்கொண்டார். தோலில் அரிப்பு வந்தால் பஸ் ஸ்டாண்ட் பக்கத்துக் கிளினிக். முட்டிவலிக்குச் சீட்டே கிடையாது, நேராக உங்கள் கடை. இந்த நான்கு இடங்களில் ஓரிடத்தில் கொடுத்தது இன்னோரிடத்துக்குத் தெரியாது. நான்கு இடத்து மருந்தும் ஒருவர் கை வழியாகத்தான் போகிறது என்றால் அந்தக் கை உங்களுடையது. இந்த மாவட்டத்தில் ஒரு நோயாளி என்னென்ன விழுங்குகிறார் என்று முழுசாகத் தெரிந்துகொள்ள வாய்ப்புள்ளவர்கள் நீங்கள் மட்டுமே. அந்த வாய்ப்பை நீங்கள் பயன்படுத்துவதில்லை என்பதே என் குறை.

கொஞ்ச நாளாக ஒரு வாட்ஸ்அப் செய்தி நம் பக்கம் சுற்றுகிறது. கொலஸ்ட்ரால் மாத்திரை போடுகிறவர்கள் பழச்சாறு குடித்தால் உயிருக்கே ஆபத்து என்கிறது அது. படித்தவர்களில் ஒருவர் வீட்டில் பழம் வாங்குவதையே விட்டுவிட்டார். இன்னொருவர், பழம் நல்லது, மாத்திரைதான் கெடுதல் என்று முடிவுகட்டி மாத்திரையை விட்டுவிட்டார். மூன்றாமவர், இதெல்லாம் புரளி என்று தள்ளிவிட்டார். மூவருமே தவறு செய்தார்கள். மூவரும் உங்கள் கடைக்கு வந்து கேட்கவும் கேட்டார்கள். கூட்ட நேரத்தில் உங்களிடமிருந்து வந்த பதில், “அதெல்லாம் ஒண்ணுமில்லண்ணே” அல்லது “டாக்டரக் கேளுங்க.” முதல் பதில் உண்மையில்லை. இரண்டாவது, மலையிலிருந்து இறங்கி வந்தவருக்குப் பதிலே இல்லை.

அந்தச் செய்தியின் அடியில் ஓர் உண்மை கிடக்கிறது. 1989-இல் கனடாவின் லண்டன் நகரில் டேவிட் பெய்லி என்ற மருந்தியல் ஆய்வாளரும் அவரது குழுவும், ஃபெலோடிபின் என்ற ரத்த அழுத்த மாத்திரையோடு சாராயம் சேர்ந்தால் என்ன ஆகும் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாராயத்தின் வாடை தெரியாமலிருக்க கிரேப்ஃப்ரூட் பழச்சாற்றில் கலந்து கொடுத்தார்கள். சாராயம் கலக்காத வெறும் சாறு குடித்தவர்களுக்கும் ரத்தத்தில் மருந்து எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு ஏறியிருந்தது. வாடையை மறைக்க ஊற்றிய சாறுதான் அதற்குக் காரணம். 1991-இல் லான்செட் இதழில் இது வெளியானபோது பலரும் நம்பவில்லை. பிறகு ஒவ்வொரு மருந்தாகச் சோதித்தார்கள். அந்த வரிசையில் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரைகளும் வந்தன.

இது எப்படி நடக்கிறது என்பதை நீங்கள் பாடமாகப் படித்திருப்பீர்கள். வாடிக்கையாளருக்குச் சொல்ல வசதியாக இங்கே எளிமையாகச் சொல்கிறேன். நம் குடல் சுவரிலும் ஈரலிலும் சிஒய்பி3ஏ4 என்ற நொதி இருக்கிறது. மலையடிவாரத்துச் சோதனைச் சாவடி மாதிரி அது. வருகிற மருந்தில் பெரும்பங்கை ரத்தத்துக்குள் விடாமல் அங்கேயே உடைத்துவிடும். சிம்வாஸ்டாட்டின் மாத்திரையில் 100 பங்கு இருந்தால் 5 பங்குகூட உள்ளே போவதில்லை. இது தெரிந்துதான் மாத்திரையின் மில்லிகிராம் கணக்குப் போடப்பட்டிருக்கிறது. கிரேப்ஃப்ரூட்டில் உள்ள ஃபியூரானோகூமரின் என்ற பொருள்கள் குடல் சுவரிலிருக்கும் அந்த நொதியைச் செயலிழக்கச் செய்துவிடுகின்றன. உடைந்து போக வேண்டிய மருந்து உடையாமல் உள்ளே போகிறது. சாப்பிட்டது ஒரு மாத்திரை, ரத்தத்தில் சேர்ந்தது பல மாத்திரை.

பின்லாந்தின் ஹெல்சிங்கி ஆய்வாளர்கள் இதை அளந்து பார்த்தார்கள். இரட்டிப்பு அடர்த்தியுள்ள சாற்றை ஒரு நாளைக்கு மூன்று தடவை கொடுத்தபோது ரத்தத்தில் சேர்ந்த சிம்வாஸ்டாட்டின் 16 மடங்கானது. அது 1998-இல் வந்த கணக்கு. அவ்வளவு யார் குடிக்கப் போகிறார்கள் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். அதே குழு 2004-இல் சாதாரணச் சாறு ஒரு டம்ளர், 200 மில்லி, தினம் ஒரு தடவை என்று மூன்று நாள் கொடுத்துப் பார்த்தது. அப்போதும் மூன்றரை மடங்கு ஏறியது. அட்டோர்வாஸ்டாட்டின் இவ்வளவு ஏறாது. நிறையச் சாறு குடித்தால் இரண்டரை மடங்கு வரை போகும். ரோசுவாஸ்டாட்டின், பிராவாஸ்டாட்டின் இந்த நொதியை நம்பி இருப்பவையல்ல. பழச்சாறு அவற்றைப் பெரிதாக அசைப்பதில்லை.

காலையில் சாறு, ராத்திரியில் மாத்திரை என்று பிரித்துக்கொண்டால் போதுமா என்று கேட்பவர்கள் உண்டு. போதாது. செயலிழந்த நொதி திரும்ப உயிர் பெறுவதில்லை, உடம்பு புதிதாக உண்டாக்க வேண்டும். கடைசியாகச் சாறு குடித்து ஒரு நாள் கழிந்தால் பாதிப்பு பெரும்பாலும் வடிந்துவிடும். முழுதும் நீங்க மூன்றிலிருந்து ஏழு நாள் ஆகும். தினம் குடிக்கிறவருக்கு நேரம் மாற்றிப் பயனில்லை.

நொதி என்ற பெயர் இந்த ஊருக்குப் புதிது. அதன் வேலை புதிதல்ல. 2024 ஜூனில் கருணாபுரம் வட்டாரத்தில் மெத்தனால் கலந்த கள்ளச்சாராயத்துக்கு 60-க்கும் மேற்பட்டவர்களை இழந்தோம். மெத்தனாலை நஞ்சாக்கியது ஈரலில் இருக்கும் ஒரு நொதி. அது தொடங்கிவைத்த மாற்றத்தில் மெத்தனால் ஃபார்மிக் அமிலமானது, அந்த அமிலம் கண்ணையும் உயிரையும் வாங்கியது. அதற்கான மாற்று மருந்து செய்கிற வேலை, அந்த நொதியைத் தடுத்து நிறுத்துவது. அங்கே நொதியைத் தடுத்தால் உயிர் பிழைக்கும். இங்கே நொதியைத் தடுத்தால் மருந்து மிஞ்சிப்போகும். உடம்புக்குள் போகிற ஒன்று நல்லதா கெட்டதா என்பது, அங்கே ஏற்கெனவே என்ன நடந்துகொண்டிருக்கிறது என்பதைப் பொறுத்தது. அதனால்தான் நோயாளி வேறு என்ன சாப்பிடுகிறார் என்று நீங்கள் கேட்டே ஆக வேண்டும் என்கிறேன்.

இப்போது நம் ஊர்ப் பழங்களுக்கு வருகிறேன். கிரேப்ஃப்ரூட் நம் சந்தையில் கிடைக்கிற பழமல்ல. பெரிய கடைகளில் டப்பாச் சாறாக, சில நேரம் கலப்புப் பழச்சாற்றில் ஒரு பங்காக வருகிறது. பெயரைப் பார்த்துத் திராட்சை என்று நினைத்துவிடாதீர்கள். வாட்ஸ்அப் செய்தி அப்படித்தான் மொழிபெயர்த்திருக்கிறது. திராட்சை சாப்பிடுகிறவர்களை வீணாகப் பயமுறுத்துகிறது. நாம் பார்க்க வேண்டிய பழம் பம்ப்ளிமாஸ். கிரேப்ஃப்ரூட்டே பம்ப்ளிமாஸும் இனிப்பு ஆரஞ்சும் கலந்து, 18-ஆம் நூற்றாண்டில் பார்படோஸ் தீவில் பிறந்த பழம்தான். தாய்ப்பழத்திலும் அதே ஃபியூரானோகூமரின்கள் இருக்கின்றன. மாற்றுச் சிறுநீரகம் பொருத்திக்கொண்ட ஒருவர் பம்ப்ளிமாஸ் சாப்பிட்டபின் டாக்ரோலிமஸ் என்ற மருந்து ரத்தத்தில் ஏறிப்போனதை 2003-இல் ஜப்பான் மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அந்த மருந்தை உடைப்பதும் இதே நொதி. ஆகவே சிம்வாஸ்டாட்டின், அட்டோர்வாஸ்டாட்டின் சாப்பிடுகிறவர், கொல்லையில் பம்ப்ளிமாஸ் மரம் வைத்திருந்தால், பழத்தைப் பேரப்பிள்ளைகளுக்குக் கொடுக்கட்டும். மார்மலேட் செய்கிற கசப்பு ஆரஞ்சுக்கும் இதே எச்சரிக்கை.

சாத்துக்குடியை விட்டுவிடச் சொல்லாதீர்கள். அது இனிப்பு ஆரஞ்சின் ஒரு வகை. கமலா ஆரஞ்சு வேறு வகை, ஆனாலும் இந்தக் குற்றச்சாட்டு இரண்டுக்கும் கிடையாது. ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவரைப் பார்க்கப் போகும்போது சாத்துக்குடி வாங்கிப் போகிற நம் வழக்கத்தில் தப்பில்லை. மாதுளைமீது சோதனைக்கூடத்தில் சந்தேகம் எழுந்தது. மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்தபோது, இந்த நொதி உடைக்கிற மிடாசோலம் என்ற மருந்தின் அளவு மாறவில்லை. ஆனால் எந்தப் பழச்சாறானாலும் மாத்திரையை அதோடு விழுங்க வேண்டாம் என்று சொல்லுங்கள். பிரஷருக்குக் கொடுக்கிற அட்டெனோலாலை ஆரஞ்சுச் சாற்றோடு கொடுத்துப் பார்த்தபோது மருந்து ரத்தத்தில் சேர்வது 40 சதவீதம் குறைந்தது. ஒரு சாறு மருந்தைக் கூட்டுகிறது, இன்னொரு சாறு குறைக்கிறது. மாத்திரைக்குத் தண்ணீர்தான் சரி. இதைச் சொல்ல மூன்று விநாடி ஆகும். சர்க்கரை இருப்பவருக்கு ஜூஸே வேண்டாம், பழமாகச் சாப்பிடுங்கள் என்று சொல்ல இன்னும் மூன்று விநாடி.

இன்னொரு சாறும் நம் பக்கம் ஓடுகிறது. பூண்டு, இஞ்சி, எலுமிச்சை, ஆப்பிள் சைடர் வினிகர் நான்கையும் காய்ச்சி, மலைத்தேன் கலந்து வெறும் வயிற்றில் குடித்தால் இதய அடைப்பு கரையும் என்று சொல்லும் வீடியோக்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கல்வராயன் மலைத் தேனுக்கு இதனால் கிராக்கிகூட வந்திருக்கலாம். அடைப்பு அதனால் கரையாது. குடிப்பதைவிடப் பெரிய தீங்கு, குடிக்கத் தொடங்கியதும் மாத்திரையை நிறுத்துவதில் இருக்கிறது. இயற்கை எதிர் ரசாயனம் என்ற எண்ணம் ஆழமாக வேரோடியிருக்கிறது. அப்படி யாராவது உங்களிடம் வாதாடினால், முதல் ஸ்டாட்டின் எங்கிருந்து வந்தது என்று சொல்லுங்கள். அகிரா எண்டோ என்ற ஜப்பானியர், கியோட்டோவில் ஒரு தானியக் கடை அரிசியில் படர்ந்திருந்த பச்சைப் பூஞ்சையிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார். அரிசியில் பூத்ததும் இயற்கைதான், பழத்தில் இருப்பதும் இயற்கைதான். இரண்டும் ஒரே குடலில் மோதிக்கொள்கின்றன.

பழத்தைப் பற்றி இவ்வளவு சொல்லிவிட்டேன். நம் மாவட்டத்தில் பழம் பெரிய ஆபத்தல்ல என்பதையும் நானே சொல்லிவிடுகிறேன். பம்ப்ளிமாஸ் எப்போதோ காய்க்கிறது, கிரேப்ஃப்ரூட் யாரோ சிலர் வாங்குகிறார்கள். ஆனால் அதே நொதியை இன்னும் பலமாக அடைக்கிற சரக்கு வருடம் முழுக்க உங்கள் அலமாரியில் இருக்கிறது. படர்தாமரைக்குக் கொடுக்கிற இட்ராகோனசோல் கேப்சூல், சளிக்கும் நெஞ்சுக் கபத்துக்கும் எழுதுகிற கிளாரித்ரோமைசின். சிம்வாஸ்டாட்டினோடு இட்ராகோனசோல் சேர்ந்தால் மருந்து 10 மடங்குக்கு மேல் ஏறும். இரண்டையும் சேர்த்துக் கொடுக்கவே கூடாது என்று மருந்தின் குறிப்புத்தாளிலேயே இருக்கிறது. அட்டோர்வாஸ்டாட்டின் என்றால் இந்த இரண்டில் எதனோடு சேர்ந்தாலும் 20 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது. கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் ஸ்டாட்டின் சாப்பிட்டுவந்த முதியவர்களின் கணக்கைப் பார்த்து 2013-இல் வெளியிட்டார்கள். அசித்ரோமைசின் வாங்கியவர்களைவிடக் கிளாரித்ரோமைசின் வாங்கியவர்கள் தசைச் சிதைவும் சிறுநீரகக் கோளாறும் வந்து ஆஸ்பத்திரியில் சேர்ந்தது அதிகம், இறந்ததும் அதிகம்.

பிரஷருக்கு நாம் அதிகம் கொடுக்கிற அம்லோடிபினையும் நினைவில் வையுங்கள். அதோடு சிம்வாஸ்டாட்டின் 20 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று 2011-லேயே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு வரம்பு வைத்துவிட்டது. பிரஷர் மாத்திரையை வீட்டில் கொண்டுபோய்க் கொடுக்கிற தன்னார்வலர்களே, அந்த வீட்டில் தனியார் டாக்டர் எழுதிய கொழுப்பு மாத்திரை அட்டை ஒன்றும் அலமாரியில் இருக்கலாம். அதை எடுத்துவந்து காட்டச் சொல்லிப் பார்க்கிறீர்களா?

என் அக்கா வீட்டுக்காரருக்கு நடந்ததைச் சொல்கிறேன். மலையடிவாரத்தில் மரவள்ளி போடுகிறவர், இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர், அட்டோர்வாஸ்டாட்டின் 40 சாப்பிடுகிறவர். இடுப்பில் படர்தாமரை. ஒரு கடையில் காட்டினார், சீட்டு இல்லாமலே கேப்சூல் கிடைத்தது. வேறு என்ன மாத்திரை போடுகிறீர்கள் என்று யாரும் கேட்கவில்லை. கொஞ்ச நாளில் இரண்டு தொடையும் தோளும் கனத்து வலித்தது. கிழங்கு பிடுங்கின வலி என்று அவரே சமாதானம் சொல்லிக்கொண்டார். இன்னொரு கடையில் வலி மாத்திரை வாங்கிப் போட்டார். அங்கேயும் யாரும் கேட்கவில்லை. மூத்திரம் பால் ஊற்றாத டீ நிறத்தில் போன பிறகுதான் வீட்டில் சொன்னார். ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை செய்து தசை சிதைகிறது என்றார்கள். கேப்சூலை நிறுத்தி, கொழுப்பு மாத்திரையையும் தற்காலிகமாக நிறுத்தி, நரம்பில் சலைன் ஏற்றிச் சிறுநீரகத்தைக் காப்பாற்றினார்கள். அந்தக் கடைகளின் பெயரை எழுத எனக்கு விருப்பமில்லை. அவர்கள் கெட்டவர்களும் இல்லை. இந்த மாவட்டத்தில் எந்தக் கடையிலும் இது நடந்திருக்கும் என்பதால்தான் உங்கள் எல்லோருக்கும் எழுதுகிறேன்.

அவர் வலியைக் கிழங்கின்மேல் போட்டதை யோசித்துப் பாருங்கள். இது மற்ற ஊர்களைவிட நம் ஊரில் பெரிய சிக்கல். நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவருக்குத் தொடை வலித்தால் ஏன் என்று கேட்பார். கரும்பு வெட்டுகிறவர், மரவள்ளி பிடுங்குகிறவர், வெள்ளிமலைச் சரிவில் சாமை அறுத்துத் தலைச்சுமையாகக் கொண்டுவருகிற பெண், இவர்களுக்கு வலி தினப்படி விஷயம். மருந்தால் வந்த வலி, உழைப்பால் வந்த வலிக்குள் ஒளிந்துகொள்ளும். அதோடு நிற்பதில்லை. தசை சிதைந்தால் அதன் கழிவு சிறுநீரகத்தைத் தாக்கும். அந்த நேரத்தில் நீங்கள் கொடுக்கிற டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரையும் சிறுநீரகத்தையே சிரமப்படுத்தும். ஒரே உறுப்பின்மேல் இரண்டு பக்க அடி. அதனால் வலி மாத்திரை கேட்டு வருகிறவரிடம் நான்கு கேள்வி கேளுங்கள். வலி இரண்டு பக்கமுமா? அடிபடாமல் தானாக வந்ததா? எழுந்து நிற்கச் சக்தி குறைகிறதா? மூத்திரம் நிறம் மாறியதா? கொழுப்பு மாத்திரை சாப்பிடுகிறவர் ஒருவர் இதில் இரண்டுக்கு ஆமாம் சொன்னால், வலி மாத்திரையை உள்ளே வைத்துவிட்டு அவரைச் சிறுவங்கூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்புங்கள். மலையில் என்றால் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு.

நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும். சாயங்காலக் கூட்டத்தில் ஒவ்வொருவரையும் விசாரித்துக்கொண்டிருந்தால் கடை நடக்காது என்பீர்கள். கேட்டால் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார்கள் என்பீர்கள். எழுதியது டாக்டர், அவர் பொறுப்பு என்பீர்கள். ஒவ்வொன்றாக வருகிறேன். எல்லோரையும் விசாரிக்க வேண்டியதில்லை. இட்ராகோனசோல், கிளாரித்ரோமைசின், வலி மாத்திரை, இந்த மூன்றையும் எடுக்கும்போது மட்டும் கேட்டால் போதும். பக்கத்துக் கடைக்குப் போவார் என்ற பயம், பக்கத்துக் கடைக்காரரும் இந்த மடலைப் படித்தால் போய்விடும். சங்கக் கூட்டத்தில் ஒருமுறை பேசி எல்லோரும் ஒரே மாதிரி கேட்பது என்று முடிவெடுங்கள். மூன்றாவது பதிலைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. சீட்டே இல்லாமல் நீங்கள் கொடுத்த கேப்சூலுக்கு எந்த டாக்டர் பொறுப்பு? நோயாளிக்கு மருந்தைப் பற்றி விளக்கிச் சொல்வது பதிவு பெற்ற மருந்தாளுநரின் கடமை என்று 2015-ஆம் ஆண்டு மருந்தாளுநர் தொழில் விதிமுறைகள் சொல்கின்றன. சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் உங்கள் பதிவுச் சான்றிதழுக்கு அர்த்தம் அதுதான்.

கேட்கச் சொல்கிறேனே தவிர, பயமுறுத்தச் சொல்லவில்லை. ஸ்டாட்டினால் தசை முற்றாகச் சிதைவது மிக அரிது. லட்சம் பேர் ஒரு வருடம் சாப்பிட்டால் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலருக்கு வரும். பழச்சாறு பற்றிய பயம் அளவுக்கு மீறியது என்று 2016-இல் இங்கிலாந்தின் லண்டன் ஆய்வாளர்கள் எழுதினார்கள். மருந்து கொஞ்சம் கூடினால் கொழுப்பும் கொஞ்சம் கூடுதலாகக் குறையும், தசைக்கு வரும் கூடுதல் ஆபத்து சொற்பம் என்பது அவர்கள் வாதம். அந்த வாதத்தை நான் முழுதாக ஏற்கவில்லை. தினமும் உழைத்து உடம்பு வலிப்பவர்களுக்கும் கடை மாறி மாறி மருந்து வாங்குகிறவர்களுக்கும் அந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் அதில் ஒன்று உண்மை. ஸ்டென்ட் வைத்தவர் பழச்சாறு குடிப்பதைவிட, பழச்சாற்றுக்குப் பயந்து மாத்திரையை நிறுத்துவது பல மடங்கு ஆபத்து. மாரடைப்பு வந்தவருக்கு முதல் உதவியாகக் கொடுக்க ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் ஆகியவற்றோடு அட்டோர்வாஸ்டாட்டினையும் சேர்த்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் வைத்திருக்கிறது தமிழக அரசின் இதயம் காப்போம் திட்டம். 2023-இல் வந்த திட்டம் அது. உயிர் போகிற நேரத்தில் கொடுக்கிற மாத்திரைகளில் ஒன்றை வாட்ஸ்அப் செய்திக்காக ஒருவர் விட்டுவிடலாமா?

இனி கோரிக்கை.

முதலாவது, “கொழுப்பு மாத்திரை போடறீங்களா?” என்ற கேள்வி. நான் சொன்ன மூன்று மருந்துகளை எடுக்கும் ஒவ்வொரு முறையும் கேளுங்கள். ஆமாம் என்றால் அட்டையைக் காட்டச் சொல்லுங்கள். சிம்வா, அட்டோர்வா, லோவா என்று தொடங்கினால் கையை நிறுத்தி, எழுதிய டாக்டருக்கு ஒரு போன் போடுங்கள். மருந்தை மாற்றுவதா, கொழுப்பு மாத்திரையைச் சில நாள் நிறுத்தி வைப்பதா என்பதை அவர் சொல்லட்டும். நீங்களாக எதையும் நிறுத்தச் சொல்லாதீர்கள்.

இரண்டாவது, சிம்வாஸ்டாட்டினும் அட்டோர்வாஸ்டாட்டினும் விற்கும்போது ஒரு வரி சொல்லுங்கள்: “தண்ணியோட போடுங்க, பம்ப்ளிமாஸும் கிரேப்ஃப்ரூட் ஜூஸும் வேண்டாம், மத்த பழம் தாராளமா சாப்பிடுங்க, மாத்திரைய நீங்களா நிறுத்தாதீங்க.” பழம் வேண்டாம் என்ற பாதி வரியோடு நிறுத்திவிடாதீர்கள். பாதி வரிதான் வாட்ஸ்அப்பில் ஏற்கெனவே ஓடுகிறதே.

மூன்றாவது, அதே வரியைத் தமிழில் பெரிய எழுத்தில் எழுதி கவுண்டரில் ஒட்டுங்கள். படிக்கத் தெரியாதவர்களுக்கு வாயால் சொல்லுங்கள். மலையிலிருந்து வருகிற மலையாளிப் பழங்குடி மக்கள் மறுபடி இறங்கி வர மாதமாகும். அவர்களிடம் மருந்தைக் கொடுக்கும்போது பஸ்ஸுக்கு அவசரப்படுத்தாமல் இரண்டு நிமிடம் நில்லுங்கள்.

நான்காவது தன்னார்வலர்களுக்கு. மாத்திரை கொடுக்கப் போகிற வீட்டில் இருக்கிற எல்லா அட்டைகளையும் ஒருமுறை வெளியே எடுத்து வைக்கச் சொல்லிப் பெயர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். எது எதோடு சேரக்கூடாது என்று நீங்கள் முடிவு செய்ய வேண்டாம். அந்தக் குறிப்பைச் சுகாதார நிலையத்து மருத்துவரிடம் காட்டினால் போதும்.

இந்த நான்கில் எதற்கும் பணம் செலவில்லை, அரசாணையும் வேண்டியதில்லை. நாளைக் காலை கடை திறந்ததும் படர்தாமரைக்குக் கேப்சூல் கேட்டு ஒருவர் வருவார். அவரிடம் முதலில் அந்தக் கேள்வியைக் கேளுங்கள், பிறகு அலமாரிப் பக்கம் திரும்புங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பழைய வேதியியல் ஆசிரியர்